பழைய எண், புதிய எண்: சர்வரை மேம்படுத்திய பின் காணாமல் போகும் கட்டளைகள்

சொந்தமாகச் சர்வர் வைத்து நடத்துகிறவர்களுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். பயன்படுத்துவோர் எல்லோரும் தூங்கப் போன பிறகு, இரவு பதினொன்று தாண்டி, மேம்படுத்தலைத் தொடங்குகிறோம். பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக இறங்கி நிறுவப்படுகின்றன. சர்வர் ஒருமுறை அணைந்து எழுகிறது. நிம்மதியாக, தினமும் தட்டுகிற கட்டளையைத் தட்டுகிறோம். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது திரை. நேற்று வரை இருந்த கட்டளை அது. நாம் எதையும் நீக்கவில்லை.

தூக்கக் கலக்கத்தில் பெரும்பாலோர் செய்வது, அந்தப் பிழைச் செய்தியை அப்படியே இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் தீர்வை ரூட் அதிகாரத்தோடு ஓட்டிவிடுவதுதான். சில நேரம் அது பலிக்கும். பல நேரம் ஒரு சிக்கல் இரண்டாகும். காய்ச்சல் என்று வந்தவருக்கு எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமலேயே மருந்து எழுதுவது போன்றது இது. 'கட்டளையைக் காணோம்' என்பது ஒரு நோயல்ல, அறிகுறி. அதன் அடியில் ஐந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்: தேடுகிறவர் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், பேக்கேஜே போயிருக்கலாம், கட்டளைக்குத் துணை நிற்கும் மொழி போயிருக்கலாம், மென்பொருளே அதை ஒளித்து வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இந்த ஐந்தையும், இவற்றைவிட ஆபத்தான ஒன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஷெல் எப்படித் தேடுகிறது

நாம் ஒரு பெயரைத் தட்டியதும், அது மாற்றுப்பெயரா, ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளையா என்று ஷெல் முதலில் பார்க்கிறது. இரண்டும் இல்லையென்றால் 'பாத்' என்ற மாறியில் எழுதியுள்ள ஃபோல்டர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது. முதலில் எதில் கிடைக்கிறதோ அதை ஓட்டும். பட்டியல் முடிந்தும் கிடைக்காவிட்டால் கைவிரிக்கும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் பார்ன் ஷெல்லில் இருந்த, பாத் வழியே தேடும் இந்த ஏற்பாடுதான் இன்றைய லினக்ஸ் சர்வர்களிலும் நடக்கிறது.

ஆகவே 'நாட் ஃபவுண்ட்' என்றால் அந்தக் கட்டளை கணினியில் இல்லை என்று பொருளல்ல. 'நான் தேடிய இடங்களில் இல்லை' என்பது மட்டுமே ஷெல் தரும் வாக்குமூலம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஷெல் திருப்பித் தரும் எண்ணும் பேசும். 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. பின்னது வந்தால் பெரும்பாலும் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை; அந்தக் கோப்பின் அனுமதிகளையும், அது இருக்கும் டிஸ்க் பகுதி 'நோஎக்ஸெக்' என்று பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம் பலரைக் குழப்புகிறது. பாஷ் ஷெல், ஒருமுறை கண்டுபிடித்த கட்டளையின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். மேம்படுத்தலில் அந்தக் கோப்பு '/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்'னிலிருந்து '/யுஎஸ்ஆர்/பின்'னுக்குக் குடிபெயர்ந்திருந்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் பழைய வாசலிலேயே போய் நின்றுகொண்டு 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று சொல்லும். 'ஹேஷ் -ஆர்' என்று தட்டினால் அந்த நினைவு அழிந்துவிடும். வெளியேறி மறுபடி உள்ளே வந்தாலும் சரியாகும். பத்து நொடியில் தீரும் இந்தச் சிக்கலுக்காக முழு மென்பொருளையும் மறுபடி நிறுவியவர்கள் உண்டு.

தேடுகிறவர் மாறினால்

முதல் காரணம் இதுதான்: கட்டளை இருந்த இடத்திலேயே இருக்கிறது, தேடும் ஆளின் பட்டியல் மாறிவிட்டது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2019 ஜூலையில் வெளியான டெபியன் 10. அந்தப் பதிப்பில் 'சு' கட்டளை வேறொரு மூலத்துக்கு, யுடில்-லினக்ஸ் தொகுப்புக்கு மாறியது. அதுவரை வெறுமனே 'சு' என்று தட்டி ரூட் ஆனவர்களுக்கு ரூட்டுக்குரிய பாத் கிடைத்து வந்தது. புதிய 'சு' அப்படிச் செய்யவில்லை. சாதாரணப் பயனரின் பாத்தையே தொடர விட்டது. அதில் 'எஸ்பின்' ஃபோல்டர்கள் இல்லை. ரூட் ஆகியும் 'யூசர்ஆட்' கிடைக்கவில்லை. பேக்கேஜ் நிறுவப் போனால் 'எல்டிகான்ஃபிக்' பாத்தில் இல்லை என்று டிபிகேஜி எச்சரித்தது. சிஸ்டமே உடைந்துவிட்டது என்று அஞ்சியவர்கள் பலர். தேவைப்பட்டதோ ஒரு சிறு கோடு மட்டும்: 'சு -'. அந்தக் கோடு இருந்தால் ரூட்டின் முழு உள்நுழைவுச் சூழலும் வந்துவிடும்.

இதே வகையில் வேறு மூன்று இடங்கள் உண்டு. 'சுடோ' தனக்கென்று 'செக்யூர் பாத்' என்ற பட்டியலை வைத்துக்கொள்கிறது. நாம் நம் கணக்கில் சேர்த்த ஃபோல்டர்களை அது மதிப்பதில்லை. 'கிரான்' வேலைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் '/யுஎஸ்ஆர்/பின்', '/பின்' என்ற இரண்டே ஃபோல்டர்கள். சிஸ்டம்டி நடத்தும் சர்வீஸ்கள் நம் 'பாஷ்ஆர்சி' கோப்பைப் படிப்பதே இல்லை. ஒரே கட்டளை நமக்குக் கிடைத்து, சுடோவுக்குக் கிடைக்காமல், கிரானுக்கும் கிடைக்காமல் போவது இதனால்தான். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி 'கட்டளை எங்கே' என்பதல்ல; 'தேடுவது யார், அவர் கையில் எந்தப் பட்டியல்' என்பதே.

பெயர் மாறினால்

சென்னைத் தெருக்களில் பல வீட்டு வாசல்களில் இரண்டு எண்கள் இருக்கும்: பழைய எண் 12, புதிய எண் 27. மாநகராட்சி எண்ணை மாற்றிய பிறகும் தபால்காரர் தடுமாறாமல் இருக்க, பழைய எண்ணையும் எழுதி வைத்திருப்பார்கள். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது சிம்லிங்க். புதுப் பெயருக்கு மாறிய மென்பொருள், பழைய பெயரில் ஒரு சுட்டியை விட்டுவைக்கும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பலகையைக் கழற்றுவார்கள். கழற்றிய அன்றுதான், பெயர் எப்போதோ மாறிவிட்டது என்பதே நமக்குத் தெரிகிறது.

மரியாடிபி இதற்கு நல்ல பாடம். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து 2009இல் மான்ட்டி வைடேனியஸ் பிரித்துத் தொடங்கிய டேட்டாபேஸ் இது. இரண்டு பெயர்களும் அவருடைய இரு மகள்களின் பெயர்களிலிருந்து வந்தவை. பிரிந்த பின்பும் வெகுகாலம் கட்டளைகள் 'மைஎஸ்க்யூஎல்', 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' என்ற பழைய பெயர்களிலேயே இருந்தன. 2020இல் வந்த 10.5 வரிசையில் 'மரியாடிபி', 'மரியாடிபி-டம்ப்' என்பவை அசல் பெயர்களாகி, பழையவை சுட்டிகளாயின. 2023இல் 11 வரிசை வந்தபோது, டாக்கரில் கிடைக்கும் அதிகாரபூர்வ இமேஜிலிருந்து பழைய பெயர்கள் எடுக்கப்பட்டன. 10இலிருந்து 11க்கு இமேஜ் எண்ணை மட்டும் மாற்றியவர்களுக்கு டேட்டாபேஸ் ஒழுங்காக எழுந்தது, தளம் ஓடியது. 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' மட்டும் இல்லை. இந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்படிப் பெயர் மாறியவை நிறைய. மோங்கோடிபியின் 'மோங்கோ' ஷெல் 2022இல் வந்த 6.0 பதிப்போடு போய், 'மோங்கோஎஸ்ஹெச்' மட்டும் நின்றது. இடையில் கோடு போட்ட 'டாக்கர்-கம்போஸ்' பைத்தானில் எழுதிய முதல் தலைமுறை. அதற்கான புதுப்பிப்புகள் 2023 ஜூலையோடு நின்றன. கோ மொழியில் எழுதிய இரண்டாம் தலைமுறையில் கோடு போய், இடைவெளி வந்தது: 'டாக்கர் கம்போஸ்'. ஒரே ஓர் எழுத்துக்குறி வேறுபாடுதான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் அந்த ஒரு குறியில் தடுக்கி விழுகிறது.

'பைத்தான்' என்ற பெயரின் கதை சற்று வேறு. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதி முடிந்தது. அதே ஆண்டு வந்த உபுண்டு 20.04இல் எண் இல்லாத 'பைத்தான்' கட்டளையே இயல்பாக இல்லை. 'பைத்தான்3' மட்டும் இருந்தது. பழைய பெயர் வேண்டும் என்போருக்கு 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' என்ற தனிப் பேக்கேஜ் தரப்பட்டது. பெயரைத் திருப்பித் தருவது எளிது. ஆனால் பைத்தான் 2க்காக எழுதிய ஸ்கிரிப்ட்டை அந்தப் பெயரின் வழியே பைத்தான் 3இல் ஓட்டினால், 'கட்டளை இல்லை' என்ற தெளிவான பிழை போய், நடுவழியில் விழும் தெளிவற்ற பிழை வரும். சுட்டியை நாமே போட்டுக்கொள்ளும் முன், புதிய வீட்டில் இருப்பவர் பழைய ஆள்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே போய்விட்டவை

சில கட்டளைகள் நிஜமாகவே விடைபெறுகின்றன. 'ஐஎஃப்கான்ஃபிக்', 'நெட்ஸ்டாட்', 'ரூட்' ஆகியவை அடங்கிய நெட்-டூல்ஸ், 2017இன் டெபியன் 9 முதலும், 2018இன் உபுண்டு 18.04 முதலும் இயல்பு நிறுவலில் இல்லை. 'ஐபி', 'எஸ்எஸ்' என்ற கட்டளைகள் அவற்றின் இடத்தில் உள்ளன. பழக்கத்துக்காக நெட்-டூல்ஸை மறுபடி நிறுவலாம், தவறில்லை. நீண்ட காலத்துக்குப் புதிய இரண்டையும் கற்றுக்கொள்வதே லாபம்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 'லாஸ்ட்', 'லாஸ்ட்பி', 'லாஸ்ட்லாக்' ஆகிய மூன்றும் இல்லை. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பார்க்க நாம் பல்லாண்டாகத் தட்டிவந்தவை இவை. இவை படித்துவந்த கோப்புகளின் நேரக் கணக்கு 2038ஆம் ஆண்டைத் தாண்டாது என்பதே காரணம். 'டபிள்யூடிஎம்பிடிபி', 'லாஸ்ட்லாக்2' என்ற புதிய கருவிகள் அவற்றுக்கு மாற்றாக வந்துள்ளன. இதுபோன்ற இழப்புக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகளில் அது எழுதப்பட்டும் இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

யாரும் திட்டமிடாத நீக்கமும் உண்டு. பெரிய மேம்படுத்தலில் ஒரு பேக்கேஜ் இன்னொன்றோடு முரண்பட்டால், பேக்கேஜ் மேலாளர் ஒன்றை வெளியேற்றும். நீண்ட பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தியிருப்போம். உபுண்டுவில் 'டூ-ரிலீஸ்-அப்கிரேடு' ஓட்டும்போது, வெளியாரின் ரெப்பாசிட்டரிகள் முடக்கப்படுகின்றன. அங்கிருந்து வந்த மென்பொருள் புதிய பதிப்புக்கு நகராமல் நின்றுவிடும். இவற்றுக்கெல்லாம் சாட்சி ஒரே இடத்தில் இருக்கிறது: '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்'. எந்த நேரத்தில் தொடங்கி, எதை நிறுவி, எதை மேம்படுத்தி, எதை நீக்கினோம் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியைத் தேடினால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

கட்டளை இருக்கிறது, துணை இல்லை

நான்காவது வகை ஏமாற்றும் வகை. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, பட்டியலிட்டால் தெரிகிறது, ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. இல்லாதது அந்தக் கோப்பல்ல, அதன் முதல் வரி குறிப்பிடும் மொழிபெயர்ப்பி. முதல் வரியில் பழைய பைத்தானின் பாதை இருந்து, அந்தப் பைத்தான் மேம்படுத்தலில் போயிருந்தால் 'பேட் இன்டர்பிரட்டர்' என்று வரும். கோப்பின் முதல் வரியைப் படித்துப் பார்ப்பதே இதற்கான சோதனை.

பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுகள் பெரிய மேம்படுத்தலில் தவறாமல் உடைகின்றன. டெபியன் 11இல் பைத்தான் 3.9, டெபியன் 12இல் 3.11. பழைய என்விரான்மென்ட் தன் தொகுப்புகளை 3.9 என்று பெயரிட்ட ஃபோல்டரில் வைத்திருக்கும். புதிய பைத்தான் 3.11 என்ற ஃபோல்டரில் தேடும். உள்ளே ஒரு பைட் கூட அழியவில்லை, ஆனால் எதுவும் கிடைக்காது. அதை ஒட்டுப்போட முயல்வது வீண். தேவையானவற்றின் பட்டியலைக் கொண்டு என்விரான்மென்ட்டைப் புதிதாகக் கட்டுவதே சரி. அப்போது சிஸ்டத்தின் 'பிப்'பைக் கொண்டு நேரடியாக நிறுவப் பார்த்தால் டெபியன் 12 மறுத்துவிடும். அந்த மறுப்பு நம் நன்மைக்கே. அதை வலுக்கட்டாயமாக மீறும் சுவிட்சைத் தட்டினால் அடுத்த மேம்படுத்தலுக்கு நாமே குழி வெட்டுகிறோம்.

ரூபியில் எழுதிய மாஸ்டடான் போன்றவற்றை ஆர்பிஎன்வ் மூலம் நடத்துவோருக்கும் இதே அனுபவம் உண்டு. புதிய பதிப்பு வேறொரு ரூபி பதிப்பைக் கேட்கும். பழைய ரூபியில் நாம் நிறுவிய கட்டளை அதில் இன்னும் இருக்காது. அந்தக் கட்டளை எந்தெந்த ரூபி பதிப்புகளில் இருக்கிறது என்பதை ஆர்பிஎன்வ் பிழைச் செய்தியிலேயே பட்டியலிடுகிறது. முதல் வரியோடு படிப்பதை நிறுத்தியவர்கள் அந்த உதவியை இழக்கிறார்கள்.

மென்பொருளே ஒளித்து வைப்பவை

நெக்ஸ்ட்கிளவுட் நடத்துவோர் அடிக்கடி சந்திப்பது இந்த ஐந்தாவது வகை. அதன் 'ஓசிசி' பாத்தில் இருக்கும் கட்டளையல்ல. நிறுவிய ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு பிஹெச்பி கோப்பு. அந்த ஃபோல்டருக்குப் போய், கான்ஃபிக் கோப்பின் உரிமையாளராக, டெபியனிலும் உபுண்டுவிலும் பெரும்பாலும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'வாக, ஓட்ட வேண்டும். அதையெல்லாம் சரியாகச் செய்தும், மேம்படுத்தலுக்குப் பிறகு 'ஓசிசி'யின் துணைக் கட்டளைகளில் பாதியைக் காணோம் என்று வரும்.

திரையின் மேல் பகுதியைப் பார்த்தால் காரணம் எழுதியிருக்கும். பராமரிப்பு நிலையில் இருப்பதால் ஆப்கள் ஏற்றப்படவில்லை, ஆப்கள் தரும் கட்டளைகள் கிடைக்காது என்பது ஒரு செய்தி. மேம்படுத்தல் இன்னும் முடியாததால் சில கட்டளைகளே கிடைக்கும் என்பது இன்னொன்று. முன்னதற்குப் பராமரிப்பு நிலையை அணைக்க வேண்டும். பின்னதற்கு 'ஓசிசி அப்கிரேடு' ஓட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால், புதிய பதிப்போடு ஒத்துப்போகாத ஆப்பை மேம்படுத்தலே முடக்கியிருக்கும். அந்த ஆப் கொண்டுவந்த கட்டளைகள் அதோடு போயிருக்கும். 'ஆப்:லிஸ்ட்' போட்டு முடக்கப்பட்டவற்றின் வரிசையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே ஆப்ட்டைக் கொண்டு எதை நிறுவினாலும் பயனில்லை. ஷெல்லின் எல்லை முடிந்து மென்பொருளின் எல்லை தொடங்கிய பிறகு வரும் குறை இது.

யாரும் பார்க்காத இடத்தில்

இதுவரை சொன்ன ஐந்தும் நம் முகத்துக்கு நேரே சத்தம் போடுபவை. எரிச்சல் தரும், அரை மணி நேரம் தின்னும், ஆனால் ஏமாற்றாது. காணாமல் போன கட்டளையின் உண்மையான ஆபத்து, அதைத் தேடுவது மனிதராக இல்லாதபோதுதான் தொடங்குகிறது.

மரியாடிபிக்குத் திரும்புவோம். பல சர்வர்களில் இரவு இரண்டு மணிக்கு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட்டின் உயிர் ஒரே வரிதான்: 'மைஎஸ்க்யூஎல்டம்ப்'பின் வெளியீட்டைக் குழாய் வழியே 'ஜிஜிப்'புக்குக் கொடுத்து, அன்றைய தேதியிட்ட கோப்பில் சேமிப்பது. பழைய பெயர் போன மறுநாள் அந்த வரி என்ன செய்கிறது? இடப்பக்கக் கட்டளை கிடைக்கவில்லை, எண் 127. வலப்பக்கத்து ஜிஜிப்போ, உள்ளே எதுவும் வராததைக் கண்டு, வெறுமையை ஒழுங்காகச் சுருக்கிக் கோப்பாக எழுதி, வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பித் தருகிறது. குழாயில் கடைசி ஆளின் பேச்சைத்தான் ஷெல் ஏற்கும். எனவே முழு வரியும் வெற்றி.

யாரும் தம் கணினியில் இதைச் செய்து பார்க்கலாம். இல்லாத ஒரு பெயரைத் தட்டி, குழாய் போட்டு, ஜிஜிப்புக்குக் கொடுத்துக் கோப்பில் சேமியுங்கள். கிடைக்கும் கோப்பு சரியாக 20 பைட். சரியான பெயர், சரியான தேதி, செல்லுபடியாகும் ஜிஜிப் கோப்பு, உள்ளே ஒன்றுமில்லை. பிழைச் செய்தியை கிரான் மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் இல்லையென்றால், அந்தச் செய்தியைத் தூக்கி எறிந்துவிட்டதாக லாகில் ஒரு வரி மட்டும் எழுதும். முப்பது நாள் பேக்கப் மட்டும் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் என்றால், முப்பத்தோராம் நாள் கடைசி நல்ல பேக்கப்பும் அழிந்துவிடும். டிஸ்க் பழுதாகும் வரை யாருக்கும் தெரியாது.

பாஷ் ஸ்கிரிப்ட்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்ற ஒரு வரி இருந்தால், குழாயில் யார் தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கணக்காகும். அதற்குப் பிறகு கோப்பின் அளவைச் சோதிக்கும் ஒரு வரியும், தோல்வியை ஒரு மனிதருக்குச் சொல்லும் ஒரு வரியும் வேண்டும். மூன்று வரிகள்தான். ஓர் அமைப்பின் பல ஆண்டு உழைப்பு அந்த மூன்று வரிகளை நம்பி நிற்கலாம்.

தேடும் வரிசை

பிழைச் செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படியுங்கள். சொல்வது ஷெல்லா, டாக்கரா, ஓசிசியா என்று பாருங்கள். திரும்பி வந்த எண் 126ஆ, 127ஆ என்று பாருங்கள். புதிதாக உள்ளே வந்து ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'டைப் -ஏ' போட்டால் அந்தப் பெயரில் ஷெல்லுக்குத் தெரிந்த அனைத்தும் வரும். '/யுஎஸ்ஆர்/லோக்கல்'லில் எப்போதோ கையால் நிறுவிய பழைய பிரதி, புதியதை மறைத்துக்கொண்டிருப்பதும் இதில்தான் அகப்படும். எந்தக் கணக்கில், எந்தப் பாத்தோடு ஓடுகிறது என்று பாருங்கள். பேக்கேஜ் இருக்கிறதா என்று 'டிபிகேஜி'யைக் கேளுங்கள்; அதன் பட்டியலில் முன்னால் 'ஆர்சி' என்றிருந்தால், பேக்கேஜ் போய் அமைப்புக் கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இருக்கும் பேக்கேஜில் என்னென்ன கோப்புகள் என்று பட்டியலிட்டால் புதுப் பெயர் அங்கேயே கண்ணில் படும். எந்தப் பேக்கேஜ் என்றே தெரியாவிட்டால் டெபியன் குடும்பத்தில் 'ஆப்ட்-ஃபைல்', ஃபெடோரா குடும்பத்தில் 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்'. இவ்வளவும் பார்ப்பதற்கு மட்டுமான வேலைகள், எதையும் மாற்றாதவை. இவை முடிந்த பிறகுதான் நிறுவுவதும், சுட்டி போடுவதும்.

மேம்படுத்தும் முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் ஸ்கிரிப்ட்டுகள், கிரான் பட்டியல், சிஸ்டம்டி கோப்புகள் அனைத்திலும் வரும் வெளிக் கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. இருபதோ முப்பதோ தேறும். மேம்படுத்தல் முடிந்ததும், அவை எந்தக் கணக்கில் ஓடுகின்றனவோ அந்தக் கணக்கிலிருந்தே ஒவ்வொன்றையும் 'கமாண்ட் -வி' போட்டுப் பார்ப்பது. நாம் தினமும் கையால் தட்டும் கட்டளைகளை நாமே கவனித்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்குத் தட்டப்படும் கட்டளைகளுக்காகத்தான் அந்தத் தாள்.

அடுத்த முறை மேம்படுத்தல் முடிந்து, தளம் திறக்கிறது, உள்நுழைய முடிகிறது, எல்லாம் சரி என்று தோன்றும்போது படுக்கப் போய்விடாதீர்கள். பேக்கப் ஸ்கிரிப்ட்டை ஒருமுறை கையால் ஓட்டுங்கள். வந்த கோப்பின் அளவை நேற்றைய கோப்போடு ஒப்பிடுங்கள். பிறகு அதை ஒரு வெற்று டேட்டாபேஸில் விரித்து, நேற்று எழுதிய கடைசிப் பதிவு அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இருந்தால், மேம்படுத்தல் முடிந்தது.